கின்னஸ் சேர்த்த மாட்டிறைச்சி ஸ்டியூவில் கசப்பு மிஞ்சாமலிருக்க என்ன செய்ய வேண்டும்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான் டப்ளினில் வசிக்கிறேன். மார்ச் 17, புனித பேட்ரிக் நாளன்று வீட்டுக்கு வரவிருக்கும் ஆறு பேருக்கு, கின்னஸ் போன்ற, ஸ்டவுட் எனப்படும் கறுப்பு பீர் சேர்த்த மாட்டிறைச்சி ஸ்டியூ சமைக்க எண்ணியிருக்கிறேன். இந்நகரின் பப்களில் இதைப் பலமுறை உண்டிருக்கிறேன். சில இடங்களில் சாறு அடர்த்தியாகவும் இலேசான இனிப்போடும் இருக்கிறது. வேறு சில இடங்களில் முதல் கரண்டியிலேயே கசப்பு நாவில் ஏறி, கடைசி வரை இறங்குவதில்லை. இரண்டிலும் ஒரே பொருள்கள்தான் சேர்கின்றன என்றே தெரிகிறது. அப்படியானால் இந்த வேறுபாடு எதனால் வருகிறது?

இறைச்சியில் எந்தப் பகுதியை வாங்குவது, ஒரு கிலோவுக்கு எவ்வளவு ஸ்டவுட் ஊற்றுவது, உருளைக்கிழங்கை உள்ளேயே வேகவைப்பதா தனியாக வைப்பதா என்பவற்றையும் அறிய விரும்புகிறேன். விருந்தினரில் இருவர் மதுவைத் தொடாதவர்கள். நெடுநேரம் கொதித்தால் ஆல்கஹால் முழுவதும் ஆவியாகிவிடும் என்று பலர் சொல்கிறார்கள். அதை நம்பி அவர்களுக்கும் பரிமாறலாமா?

மறுமொழி 1

வணக்கம். கசப்பைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனெனில் இந்த உணவின் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் அதில்தான் இருக்கின்றன. ஸ்டவுட்டில் கசப்பு இரண்டு வழிகளில் வருகிறது: ஒன்று ஹாப்ஸ் பூக்களிலிருந்து, மற்றது பீருக்குக் கறுப்பு நிறத்தைத் தரும் வறுத்த பார்லியிலிருந்து. ஹாப்ஸின் கசப்புப் பொருள்கள் நீரைப் போல ஆவியாகிப் போகிறவை அல்ல. பாத்திரத்தில் நீர் வற்ற வற்ற அவை உள்ளேயே தங்கிச் செறிவடைகின்றன. வைனைப் பாதியாகச் சுண்டவைத்து அதன்பின் எலும்புச் சாற்றை ஊற்றுவது பிரெஞ்சுச் சமையலில் வழக்கம். அதே முறையை ஸ்டவுட்டுக்கும் கையாளும்போது கசப்பும் சேர்ந்து சுண்டுகிறது. நீங்கள் கசப்பாக உண்ட இடங்களில் பீரைச் சுண்டவைத்திருப்பார்கள், அல்லது எலும்புச் சாறே இல்லாமல் முழுக்க பீரிலேயே வேகவைத்திருப்பார்கள் என்பது என் கணிப்பு.

ஆகவே ஒரு கிலோ இறைச்சிக்கு 330 மில்லி ஸ்டவுட்டும் 500 மில்லி மாட்டெலும்புச் சாறும் போதும் என்பேன். டின்னில் வரும் கின்னஸ் டிராட் ஏறத்தாழ 4.2 விழுக்காடு ஆல்கஹால் கொண்டது, மென்மையானது. இந்த உணவுக்கு அது நன்றாகப் பொருந்தும். கார்க் நகரத்து மர்ஃபிஸ் ஸ்டவுட் அதைவிடவும் மென்மையானது என்பதால் கசப்புக்கு அஞ்சுகிறவர்களுக்கு நான் முதலில் அதையே சொல்வேன். 7.5 விழுக்காடு கொண்ட கின்னஸ் ஃபாரின் எக்ஸ்ட்ரா ஸ்டவுட் கசப்பு மிகுந்தது; அதைத் தவிர்த்துவிடுங்கள்.

இறைச்சிக்கு, முழங்காலுக்குக் கீழுள்ள ஷின் பகுதியையோ தோள்பட்டையையோ கேளுங்கள். உழைத்த தசைகளில் கொலாஜன் மிகுதி. அது மெல்லிய சூட்டில் இரண்டு மூன்று மணி நேரம் கிடந்தால் ஜெலட்டினாக இளகி, இறைச்சியை மிருதுவாக்குவதோடு சாற்றுக்கும் உதட்டில் ஒட்டும் கனத்தைத் தருகிறது. ஸ்டேக்குக்கு வாங்கும் கொழுப்பற்ற விலையுயர்ந்த துண்டுகள் இங்கே வறண்டு நார்நாராகிவிடும். துண்டுகள் நான்கு சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும், ஏனெனில் வெந்தபின் அவை வெகுவாகச் சுருங்கும்.

துண்டுகளை ஈரம் போகத் துடைத்து, உப்பும் மிளகுத்தூளும் தடவி, அடிகனமான பாத்திரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பழுப்பாகும் வரை வறுத்தெடுங்கள். ஒரே முறையில் அத்தனையும் கொட்டினால் நீர்விட்டு வெந்துவிடுமே தவிர நிறமேறாது. அடியில் ஒட்டும் பழுப்பு ஆழ்ந்த நிறத்தில் இருக்கலாம், ஆனால் கரியக்கூடாது. பீரின் மீது பழி விழும் கசப்பில் ஒரு பகுதி உண்மையில் இந்தக் கரிந்த அடியிலிருந்து வருகிறது. அதே பாத்திரத்தில் இரண்டு பெரிய வெங்காயங்களைச் சிறு தீயில் இருபது நிமிடமாவது வதக்குங்கள். அதன்பின் இரண்டு மேசைக்கரண்டி மைதாவையும் ஒரு மேசைக்கரண்டி தக்காளி விழுதையும் சேர்த்துக் கிளறி, ஸ்டவுட்டை ஊற்றி அடியைச் சுரண்டி, உடனேயே எலும்புச் சாற்றையும் ஊற்றிவிடுங்கள். தைம், பே இலை இரண்டும் போதும். மூடியிட்டு 150 டிகிரி செல்சியஸ் ஓவனில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம் வைக்கலாம். அடுப்பின் மேலேயே வைப்பதானால், குமிழ்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக எழும் அளவுக்குத் தீ இருக்க வேண்டும்; தளதளவென்று கொதித்தால் இறைச்சி இறுகும். கேரட்டைக் கடைசி ஒரு மணி நேரத்துக்கு முன்பு சேர்த்தால் குழையாமல் இருக்கும்.

மறுமொழி 2

மேலே எழுதியவர் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன், ஆனால் அளவில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு கிலோவுக்கு 330 மில்லி ஊற்றினால் நிறம் கிடைக்கும். ஸ்டவுட்டின் காபி போன்ற மணம் அவ்வளவாக மேலெழுவதில்லை. நான் 500 மில்லி டின் முழுவதையும் ஊற்றி, எலும்புச் சாற்றை அதற்கேற்பக் குறைத்துக்கொள்கிறேன். கசப்பை ஈடுகட்டும் வேலையைக் காய்களிடம் ஒப்படைத்துவிடலாம். கேரட்டில் பாதியை வெங்காயத்தோடு தொடக்கத்திலேயே போட்டால் அது கரைந்து சாற்றோடு கலந்து இனிப்பைத் தரும். மறுபாதியைப் பின்னர் சேர்க்கலாம். அயர்லாந்தில் எளிதாகக் கிடைக்கும் பார்ஸ்னிப் கிழங்கும் இனிப்பானது. கொட்டை நீக்கிய ஏழெட்டு உலர்ந்த புரூன் பழங்களைச் சேர்த்தால் அவை கரைந்தே போகும், பழத்தின் சுவை தனியாகத் தெரியாது. சர்க்கரையை அள்ளிப் போடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

எல்லாம் முடிந்தபின்பும் கசப்பு மீறி நின்றால், சர்க்கரையைத் தேடுவதற்கு முன்பு உப்பைச் சரிபாருங்கள். உப்பு கசப்பை அடக்கும் இயல்புடையது. உப்புக் குறைந்த ஸ்டியூதான் பல நேரங்களில் கசப்பானது என்று பெயர் வாங்குகிறது.

உருளைக்கிழங்கைத் தனியாக வேகவைப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. பீர் அமிலத்தன்மை உடையது, தக்காளி விழுது அதைக் கூட்டுகிறது. அமிலத்தில் காய்களின் செல்களைப் பிணைத்து வைத்திருக்கும் பெக்டின் எளிதில் கரைவதில்லை என்பதால், கிழங்கு எதிர்பார்த்த நேரத்தில் வேகாமல் நடுவில் கடினமாக நிற்கக்கூடும். அதற்காக இன்னும் அரை மணி நேரம் வைத்தால் மற்றவை குழைந்துவிடும். ரூஸ்டர், கெர்ஸ் பிங்க் போன்ற மாவுத்தன்மையுள்ள கிழங்குகளை உப்பு நீரில் வேகவைத்து, சூடான பாலும் வெண்ணெயும் நறுக்கிய வெங்காயத்தாளும் சேர்த்து மசித்தால் அதுவே இந்நாட்டின் சாம்ப். அதன் நடுவில் குழி செய்து ஸ்டியூவை ஊற்றிப் பரிமாறுங்கள்.

மறுமொழி 3

மதுவைத் தொடாத விருந்தினரைப் பற்றிய கேள்வி இன்னும் விடையின்றி நிற்கிறது. ஆல்கஹால் முழுவதும் ஆவியாகிவிடும் என்பது சரியன்று. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி, உணவோடு கலந்து மெல்லக் கொதிக்கவைத்த ஆல்கஹாலில் ஒரு மணி நேரத்துக்குப் பின் 25 விழுக்காடும், இரண்டரை மணி நேரத்துக்குப் பின் 5 விழுக்காடும் எஞ்சுகின்றன. பாத்திரத்தின் அகலம், மூடி ஆகியவற்றைப் பொறுத்து இது மாறும். 330 மில்லி ஸ்டவுட்டில் மொத்தமாகவே ஏறத்தாழ 11 கிராம் ஆல்கஹால்தான் இருக்கிறது என்பதால், ஆறு பேருக்குப் பங்கிடும்போது கிடைப்பது மிகச் சிறிய அளவே. ஆயினும் சமய நெறியாலோ, குடிப்பழக்கத்திலிருந்து மீண்டு வந்த உறுதியாலோ விலகி நிற்பவருக்கு அளவு ஒரு பொருட்டன்று. அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி, முடிவை அவர்களிடமே விட்டுவிடுவதுதான் மரியாதை. "கொதித்துவிட்டது, ஒன்றுமில்லை" என்று நாமே அவர்களுக்காகத் தீர்மானித்துவிடக் கூடாது.

அவர்களுக்காகத் தனியாக ஒன்று சமைப்பதானால், மது சேராத பழைய ஐரிஷ் ஸ்டியூவைச் செய்யுங்கள் என்பேன். நாட்டின் பெயரைத் தாங்கி நிற்கும் அந்த உணவில் மாட்டிறைச்சியும் இல்லை, பீரும் இல்லை. ஆட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், நீர் ஆகியவையே அதன் அடிப்படை. கேரட் சேர்க்கலாமா என்பதே அங்கு நெடுநாள் வாதம். அயர்லாந்தின் நாட்டுப்புறத்தில் மாடு என்பது முதன்மையாகப் பாலுக்கும் வெண்ணெய்க்கும் உரியது. பதினெட்டாம் நூற்றாண்டில் கார்க் துறைமுகத்திலிருந்து உப்பிட்ட மாட்டிறைச்சி பீப்பாய் பீப்பாயாகக் கப்பல்களுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் சென்றது. அதை விளைவித்த நாட்டின் ஏழைகளுக்கு அது அரிதாகவே எட்டியது. ஆர்தர் கின்னஸ் டப்ளினின் செயின்ட் ஜேம்ஸ் கேட் பகுதியில் 1759-இல் பீர் ஆலைக்காகக் குத்தகைக்கு இடம் பிடித்தவர் என்றாலும், கின்னஸோடு வேகும் மாட்டிறைச்சியை அத்தனை பழமையான மரபாகக் கருதிவிட வேண்டாம். பழமை குறைவு என்பதால் அதன் சுவை குறைந்துவிடாது. ஆனால் விருந்தில் இரண்டையும் அருகருகே வைத்தால், மது அருந்தாதவருக்குக் கிடைப்பது மாற்று ஏற்பாடாக இராது, இந்த மண்ணின் மூத்த உணவாகவே இருக்கும்.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. 400 மில்லி ஸ்டவுட் ஊற்றி, புரூன் சேர்த்து, சாம்ப்புடன் பரிமாறப் போகிறேன். அந்த இருவரிடமும் இன்றே பேசிவிடுகிறேன்; அவர்களுக்காக ஆட்டிறைச்சி ஸ்டியூவும் உறுதி. அன்று வேலை மிகுதியாக இருக்கும் என்பதால், மாட்டிறைச்சி ஸ்டியூவை மட்டும் முந்தைய நாளே சமைத்து வைக்கலாமா?

மறுமொழி 1

தாராளமாக வைக்கலாம், சுவை இன்னும் கூடும். சமைத்தபின் அகலமான இரண்டு பாத்திரங்களில் பிரித்து ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். ஆழமான ஒரே பாத்திரத்தில் விட்டால் நடுப்பகுதி நெடுநேரம் வெதுவெதுப்பாகவே இருந்து கெட்டுப்போக இடமுண்டு. மறுநாள் மேலே உறைந்திருக்கும் கொழுப்பைக் கரண்டியால் எளிதாக எடுத்துவிடலாம். சாறு ஜெல்லி போல இறுகியிருப்பது நல்ல அறிகுறி. மெல்லிய தீயில் முழுவதும் ஆவி பறக்கும் வரை சூடாக்கி, உப்பை அப்போதுதான் இறுதியாகச் சரிபாருங்கள், ஏனெனில் இரவு முழுவதும் ஊறியபின் அதன் அளவு வேறாகத் தெரியும். நறுக்கிய பார்ஸ்லியைப் பரிமாறும் வேளையில் தூவினால் போதும்.