புதுப்பிப்பு: விடிகாலைக் குருவிச் சத்தம், முந்தைய இழைக்குச் சில திருத்தங்கள்

தோட்டத்துப் பறவைகளின் பாட்டைக் கேட்க ஐந்தரைக்கு எழுந்தால் போதும் என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். கோடைக்கு அது தாமதம். மே மாதம் சென்னையில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் உதித்துவிடும். குண்டுக்கரிச்சான் என்ற கறுப்பு வெள்ளைப் பாட்டுப் பறவை அதற்கும் முன்னால், இருட்டிலேயே தொடங்கிவிடும். ஐந்து மணிக்குள் மாடிக்கு வந்துவிடுங்கள்.

மரத்தின் உச்சியிலோ கம்பத்திலோ உட்கார்ந்து, மெட்டை மாற்றி மாற்றிச் சீட்டியடிப்பது ஆண் குண்டுக்கரிச்சான். அவ்வளவு இனிமையான குரல் நம் தோட்டங்களில் வேறு இல்லை. மார்ச் முதல் ஜூலை வரைதான் நன்றாகப் பாடும். டிசம்பரில் தேடி ஏமாற வேண்டாம். படிப்படியாக ஏறிக்கொண்டே போகும் கூவல் ஆண் குயிலுடையது. "கிக்-கிக்-கிக்" என்று கத்துவது பெண். செடிக்குள்ளிருந்து ஓயாமல் வரும் கூர்மையான ஒலி, சுமார் 13 செ.மீ. நீளமே உள்ள தையல்சிட்டு!

பறவைகளுக்குத் தண்ணீர் வைக்க ஆழமான சட்டியை அந்த இழையில் சொன்னது என் தவறு. குருவி மூழ்கிவிடும். 2 அங்குல ஆழமுள்ள மண்தட்டு, நடுவில் ஒரு சொரசொரப்பான கல், அது போதும். பூனை பதுங்கும் புதரிலிருந்து 6 அடியாவது தள்ளி வையுங்கள். தினமும் நீரை மாற்றும்போது உட்சுவரைத் தேங்காய் நாரால் தேய்க்க வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை அங்கே ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் சாகாது.

கைப்பேசியில் குரலைப் பதிவு செய்யலாம். திருப்பி ஒலிக்கவிடாதீர்கள். தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதாக நினைத்து, பறவை கூட்டை விட்டுவிட்டு அதை விரட்ட வரும்.