கோத்தகிரியிலிருந்து குருசடைத் தீவு: முதுகு வலி உள்ள அம்மாவை ஸ்பீட் போட்டில் ஏற்றலாமா?

கோத்தகிரி டீச்சர்:
வணக்கம். ராமேஸ்வரம் போறப்போ பாம்பன் பக்கத்துல இருக்கிற குருசடைத் தீவுக்கும் படகுல போயிட்டு வரணும்னு பிள்ளைங்க ஆசைப்படறாங்க. அம்மாவும் வர்றாங்க, வயசு 68. கட்டபெட்டு பக்கம் கொழுந்து பறிச்சே முதுகு போயிடுச்சு. கடலை டிவியிலதான் பாத்திருக்காங்க. பைக்காரா அணையில ஸ்பீட் போட்ல போனப்போ அவ்வளவு சந்தோஷப்பட்டாங்க, கடலும் அப்படித்தான் இருக்கும்னு நம்பிட்டு இருக்காங்க. எனக்குத்தான் பயம். எங்க உக்கார வைக்கணும்? மே லீவுல போகலாமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஊட்டி டிரைவர்:
மேடம், ஒரே மூச்சுல போகாதீங்க. மேட்டுப்பாளையம் இறங்கி பல்லடம், தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் வழியா மதுரை. ராத்திரி அங்க தங்கிட்டு மறுநாள் பரமக்குடி, ராமநாதபுரம், மண்டபம். மலை வளைவுல வாந்தி வர்றவங்களா இருந்தா கடல்லயும் வர வாய்ப்பு உண்டு. டாக்டர்கிட்ட முன்னாடியே மாத்திரை கேட்டு வச்சுக்கோங்க.

பாம்பன்காரன், இப்போ குன்னூர்:
டீச்சர், நான் பாம்பன்ல பொறந்தவன். அப்பா நாட்டுப்படகு வச்சிருந்தார், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

பைக்காரா கட்டி நிக்கிற தண்ணி. கடல்ல எங்கயோ அடிச்ச காத்துக்கு இங்க அலை வரும். வேகமாப் போற படகு முன்பக்கத்தைத் தூக்கி அடுத்த அலை மேல தட்டுன்னு போடும், அந்த அடி நேரா முதுகுத்தண்டுல ஏறும். அணியத்துல, அதாவது முன்பக்கம், அம்மாவை உக்கார விடவே விடாதீங்க. பின்னாடி, இஞ்சின் பக்கத்துல, நடுவுல உக்காரட்டும். அங்கதான் ஆட்டம் குறைவு. ஏறும்போதே ஓட்டுறவர்கிட்ட "அம்மாவுக்கு முதுகு வலி, மெதுவாப் போங்கண்ணே"ன்னு சொல்லிடுங்க.

மெதுவாப் போகச் சொல்றது முதுகுக்காக மட்டும் இல்லை. குருசடையைச் சுத்தி பவளப்பார், அதாவது பவளப்பாறைத் திட்டு. ஆமையும் கடல்பசுவும் மூச்சு விட மேல வந்துதான் ஆகணும், வேகப்படகோட இஞ்சின் காத்தாடி (புரொப்பல்லர்) பட்டா முதுகு கிழிஞ்சிடும். பார் கிட்ட வந்தா அப்பா இஞ்சினைக் குறைச்சிடுவார். பிள்ளைங்க "இன்னும் வேகமா"ன்னு கத்தினா தயவுசெஞ்சு தடுங்க.

மன்னார் வளைகுடாவுல தூத்துக்குடியிலருந்து பாம்பன் வரைக்கும் 21 தீவு. 1986-ல தேசியப் பூங்கா ஆச்சு. அதுல பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ரெண்டும் இன்னைக்குத் தண்ணிக்குள்ள. சுண்ணாம்புக்குப் பவளத்தை வெட்டினாங்க, அலையைத் தடுக்க ஒண்ணும் இல்லாம தீவே கரைஞ்சது. குருசடைக்கு வேற ஒரு கஷ்டம். மண்டபம் பக்கம் வளர்க்கக் கொண்டு வந்த கப்பாபைகஸ் பாசி அங்க பவளத்து மேல ஏறிடுச்சு. நம்ம மலையில வெளியிலருந்து கொண்டு வந்த சீகை (வாட்டில்) மரம் புல்வெளியைத் தின்ன கதைதான். அம்மாகிட்ட இப்படிச் சொன்னா உடனே புரியும்.

தனியா மீன்பிடிப் படகு பேசி, பாக்குற தீவுல எல்லாம் இறங்க முடியாது, அனுமதி வேணும். பாம்பன் பாலம் தாண்டி தெற்கால திரும்பினா குந்துகால். 1897-ல விவேகானந்தர் வந்து இறங்கின இடம். அங்கருந்து வனத்துறை ஏற்பாட்டுல போறதுதான் சரி. கிளம்பறதுக்கு முன்னாடி படகு ஓடுதான்னு விசாரிச்சுக்கோங்க.

மே மாசம் வேண்டாம்னுதான் சொல்லுவேன். மாசம் பாதிக்கு மேல கச்சான் காத்து, அதாவது தென்மேற்குக் காத்து, பிடிச்சா தென்கடல் (மன்னார் வளைகுடா) முரட்டுத்தனமா இருக்கும். தண்ணியும் சூடேறி இருக்கும். 2010, 2016-ல இந்தச் சூட்டுலதான் பவளம் வெளுத்துச்சு. அந்த நேரத்துல அது மேல படகு ஓட்டிப் பாக்க எனக்கு மனசு வராது.

கோத்தகிரி டீச்சர்:
ரொம்ப நன்றி அண்ணா. பொங்கல் லீவுல வச்சுக்கலாமா? அப்போ வாடைக்காலமாச்சே?

பாம்பன்காரன், இப்போ குன்னூர்:
தாராளமா. வாடை அடிக்கிறது வடகடல் (பாக் நீரிணை) பக்கம், குந்துகால் இருக்கிறது தென்கடல் பக்கம். ஆனா கூட்டம் அள்ளும், காணும் பொங்கல் கழிச்சுப் போங்க. வெயில் ஏறினா காத்தும் ஏறும், அதனால காலையிலயே படகு பிடிக்கணும். பாம்பன் துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்தியிருந்தா அன்னைக்குக் கோயிலோட நிறுத்திக்கோங்க. வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம், ரெண்டு இட்லி போதும். லைஃப் ஜாக்கெட் வாரை நீங்களே இழுத்துப் பாத்து மாட்டி விடுங்க. தண்ணியை எவர்சில்வர் பாட்டில்ல எடுத்துட்டுப் போங்க, நீலகிரிக்காரங்களுக்கு அது பழக்கம்தானே.