ரிங்கில் ஆர்ப்பாட்டமும் ஆட்டத்திறமையும்: ஒரு கேள்வி

பென்னாகரத்தான்:
தருமபுரியில் குத்துச்சண்டை பழகிவரும் என் அண்ணன் மகனுக்கு 16 வயது ஆகிறது. 2024 நவம்பரில் யூடியூப் மூலம் புகழ்பெற்ற ஜேக் பால், 58 வயதான முன்னாள் உலகச் சாம்பியன் மைக் டைசனோடு மோதிய போட்டியைப் பார்த்ததிலிருந்து, அவனுடைய கருத்தெல்லாம் நுழைவு நடனத்திலும் எதிராளியைச் சீண்டும் பேச்சிலும்தான் இருக்கிறது. இரண்டு நிமிடச் சுற்றுகள் எட்டு மட்டுமே கொண்ட, டைசனின் கைகள் போகப்போக ஓய்ந்துபோன அந்தப் போட்டியைத்தானே உலகமே பார்த்தது என்று அவன் கேட்கிறான்; முகமது அலியும் வாய்வீச்சால்தான் பெயர் பெற்றார் என்றும் வாதிடுகிறான். அவனுக்கு என்ன சொல்வது என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

அதியமான்கோட்டை வாசகர்:
உங்கள் கேள்விக்கான விடை நம் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறது. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், மயிற்பீலி சூடி நெய் பூசிக் காவல் மனையில் கிடந்த தொண்டைமானின் படைக்கலங்களைக் கண்டு, எங்கள் மன்னனின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றார். அலங்காரம் போர் காணாத கருவிக்குத்தான் என்பது அதன் உட்பொருள். பிரிட்டன் குத்துச்சண்டை வீரர் நசீம் ஹமீதை நினைத்துப் பாருங்கள். கயிற்றின் மேல் குட்டிக்கரணம் போட்டு ரிங்கில் இறங்குவதும், கைகளைத் தொங்கவிட்டு முகத்தை நீட்டுவதும் அவருடைய வழக்கம். தோல்வியே காணாமல் 35 போட்டிகளை வென்றிருந்த அவரை, 2001 ஏப்ரலில் மெக்சிகோ வீரர் மார்க்கோ அந்தோனியோ பரேரா, அவருடைய வலிமையான இடது கைக்கு எட்டாதபடி விலகி விலகி நகர்ந்தே 12 சுற்றுகளில் தோற்கடித்தார்.

ஊத்தங்கரை கூத்து ரசிகர்:
ஐயா, பீலி சூடிய வேல்கள் எல்லாம் மழுங்கியவை என்று நான் ஏற்க மாட்டேன். எங்கள் பக்கத்துப் பாரதக் கூத்தில் துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று தன் பெருமையை நெடுநேரம் பாடிய பிறகுதான் சபைக்கு வருகிறான். ஆனால் விடியும்வரை அடவு பிசகாமல் ஆடவும் குரல் உடையாமல் பாடவும் தெரிந்தவருக்குத்தான் அந்த வேடத்தைக் கொடுப்பார்கள். அலி அப்படிப்பட்டவர். 1964 பிப்ரவரி 25 அன்று, காசியஸ் கிளே என்ற பெயரில் 22 வயது இளைஞராக அன்றைய ஹெவிவெயிட் உலகச் சாம்பியன் சோனி லிஸ்டனைச் சந்தித்தபோது, எடை பார்க்கும் இடத்தில் அவர் போட்ட கூச்சலில் நாடித்துடிப்பு 120 ஆக இருந்தது; பயத்தில் அறிவு கலங்கிவிட்டது என்றே பலர் எண்ணினார்கள். அதே இளைஞர் ரிங்கில் ஏறியதும் லிஸ்டனின் குத்துகளைக் காற்றில் போகவிட்டு, மூன்றாவது சுற்றில் அவருடைய கண்ணுக்குக் கீழே காயப்படுத்தினார். ஏழாவது சுற்றுக்கு லிஸ்டன் முக்காலியை விட்டு எழவில்லை. வாய்வீச்சு என்னும் உத்தியை அலி 1961இல் கார்ஜியஸ் ஜார்ஜ் என்ற மல்யுத்த வீரரைப் பார்த்து எடுத்துக்கொண்டார். கால் நகர்வோ 12 வயதிலிருந்து லூயிவில் நகரில் பழகிப் பழகி வந்தது. 1960 ரோம் ஒலிம்பிக் தங்கம் அந்தக் கால்களுக்குக் கிடைத்தது.

ஓசூர் பழைய வீரர்:
நான் சில ஆண்டுகள் அமெச்சூர் போட்டிகளில் ஆடியவன். அங்கே குலுக்கலில் யார் வந்தாலும் மோதியே ஆக வேண்டும். தொழில்முறையிலோ பட்டம் வழங்கும் பெரிய அமைப்புகளே நான்கு இருக்கின்றன. எதிராளியைப் பேரம் பேசித்தான் முடிவு செய்கிறார்கள். வருமானம் டிக்கெட்டையும் கட்டணத் தொலைக்காட்சியையும் நம்பி நிற்கிறது. ஆகவே பெயர் பரவாத திறமைசாலி காத்துக் கிடக்க நேர்கிறது. அமெரிக்க மிடில்வெயிட் வீரர் மார்வின் ஹேக்லர் 49 போட்டிகளை ஆடிய பிறகே, 1979இல் உலகப் பட்டத்துக்கு மோத முடிந்தது. அந்தப் போட்டியும் சமனாயிற்று. மறு ஆண்டு அப்போதைய சாம்பியன் ஆலன் மின்டரை மூன்றே சுற்றுகளில் வீழ்த்திப் பட்டம் வென்ற அந்த அடக்கமான உழைப்பாளியே, 1982இல் 'மார்வலஸ்' (அற்புதமான) என்ற அடைமொழியைச் சட்டப்படி தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார் என்பது எனக்கு இன்றும் வருத்தம் தரும் செய்தி. மறுபுறம், அதுவரை ஒரு தொழில்முறைக் குத்துச்சண்டைப் போட்டிகூட ஆடாத கலப்புத் தற்காப்புக்கலை வீரர் கானர் மெக்ரெகர், 2017இல் தோல்வியே காணாத குத்துச்சண்டை வீரர் ஃபிளாய்ட் மேவெதரோடு மோதும் வாய்ப்பைப் பேச்சாலும் புகழாலும் பெற்றார். பத்தாவது சுற்றில் களைத்துத் தள்ளாடிய அவரைக் காக்க நடுவர்தான் குறுக்கே வர வேண்டியிருந்தது.

உங்கள் பையனிடம் ஒன்றை உறுதியாகச் சொல்லுங்கள். அவன் இப்போது ஆடப்போவது அமெச்சூர் போட்டிகளில். அங்கே எதிராளியைச் சீண்டினால் நடுவர் எச்சரிப்பார், புள்ளியும் போகும்.

பென்னாகரத்தான்:
மூவருக்கும் நன்றி. இன்றிரவு ஹமீது, பரேரா போட்டியை அவனோடு உட்கார்ந்து முழுவதும் பார்க்கப் போகிறேன். ஹமீதின் முகத்தைப் பார்க்காமல் பரேராவின் கால்களை மட்டும் பார்க்கும்படி அவனிடம் சொல்லியிருக்கிறேன்.