கோத்தகிரி: ஓடையோரம் சோலை மரம் நட ஏன் தயக்கம்?

கேள்வி: பட்டா நிலத்தில் சீகையை (வாட்டில் என்ற வெளிநாட்டு மரம்) எடுத்துவிட்டுச் சோலை மரம் (மலைக்காட்டின் சொந்த மரம்) நடலாம் என்றால், கன்று இலவசம் என்றாலும் சிறு தேயிலை விவசாயிகள் பிடிகொடுப்பதில்லை. எப்படிப் பேசுவது?

பதில் 1: தயக்கம் கன்று விலையில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது. 1955 மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் வரும் இடத்தில் அனுமதியின்றி மரம் வெட்ட முடியாது. 1949 தனியார் காடுகள் சட்டத்துக்குள் நிலம் வந்துவிட்டால் விற்கவும் அனுமதி வேண்டும். "நட்டால் நிலம் கைவிட்டுப் போகும்" என்பது வெறும் வதந்தி அல்ல. முழுத் தோட்டத்தையும் கேட்காதீர்கள். கொழுந்து சரியாக வராத ஓடைக்கரை, செங்குத்துச் சரிவு மட்டும் போதும். ஊற்று வற்றாமல் இருக்கும் என்ற பேச்சுதான் எடுபடும்.

பதில் 2: சீகையை ஒரே மூச்சில் வெட்டாதீர்கள், எரிக்கவே கூடாது. மண்ணில் பல வருடம் கிடக்கும் விதை சூடு பட்டதும் கொத்தாக முளைக்கும். சீகையின் மேல்நிழலைக் கொஞ்சம் விட்டு, அடியில் சோலைக் கன்றை நடுங்கள். இல்லாவிட்டால் ஜனவரி உறைபனியில் கன்று கருகும். நாவல் இன விதையைக் காயவைத்தால் செத்துவிடும். பழம் விழுந்த கையோடு பையில் ஊன்றணும். நடும் இடத்தின் ஓரத்துக்குத் தவிட்டுக்கொய்யாப் புதர், உள்ளே நாவல், காட்டுச் செண்பகம்.

பதில் 3: ஒன்று விட்டுப்போச்சு. கடமான், காட்டுமாடு நடமாட்டம் உள்ள இடத்தில் வேலி இல்லாமல் நட்டால் குருத்து தங்காது. களையெடுப்புக் கூலி யார் தருவது என்பதை நடும் முன்பே பேசிவிடுங்கள். பெரும்பாலும் அங்கேதான் கைவிடுகிறார்கள்.