பழைய ஓட்டு வீட்டைப் பிரித்தெடுப்பது, பிரிக்கிற மாதிரி புதுசு கட்டுவது: யோசனை வேண்டும்

பாபநாசத்தான்:
பாபநாசம் பக்கம் கிராமத்தில் தாத்தா காலத்து ஓட்டு வீடு. ஒரு சுவர் சாய்ந்துவிட்டது, எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறோம். ஜேசிபி விட்டால் ஒரே நாளில் தரைமட்டம், இடிபாட்டை அப்படியே தரை நிரப்பக் கொட்டிவிடலாம் என்கிறார் கான்ட்ராக்டர். உத்தரம், தூண், நிலை எல்லாம் தேக்கு, எனக்கு மனசு வரவில்லை. கையால் பிரித்தால் என்னென்ன தேறும்? அப்புறம், புது வீட்டையும் பிள்ளைகள் காலத்தில் இதே மாதிரி பிரிக்க முடியுமா?

மன்னார்குடி சைட் இன்ஜினியர்:
ஜேசிபி வேண்டவே வேண்டாம். சுவர் சுண்ணாம்புக் காரை என்றால் செங்கல்லை முழுசாக எடுக்கலாம், தட்டினாலே காரை உதிர்ந்துவிடும். சிமென்ட் கலவை கல்லைவிட வலுவாகப் பிடித்துக்கொள்வதால் பெயர்த்தால் கல்தான் உடைகிறது. புது வீட்டிலும் இதைத்தான் யோசிக்க வேண்டும். நம்ம களிமண்ணுக்கு அடியில் கான்கிரீட் பெல்ட் (சுவர் நெடுக ஓடும் கம்பி போட்ட பட்டை) கட்டாயம், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். அதற்கு மேலே தரைத்தளத்தோடு நிற்கிற வீட்டுக்குச் சுண்ணாம்புக் கட்டு போதும், ஆனால் அது மெதுவாகத்தான் இறுகும், அவசரப்படுகிற கொத்தனாரிடம் கொடுக்காதீர்கள். மேல்பூச்சும் சுண்ணாம்பாகவே இருக்கட்டும், சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று உப்புப் பூத்துவிடும்.

திருவையாறு மரவேலை:
ஆசாரிக் குடும்பம் நாங்கள். முகட்டு ஓட்டில் ஆரம்பித்து ரீப்பர் (ஓட்டுக்கு அடியில் உள்ள மெல்லிய சட்டம்), கைமரம் (அதைத் தாங்கும் சாய்வு மரம்) என்று இறங்கிக் கடைசியாக உத்தரத்துக்கு வாருங்கள். பழைய மூட்டில் ஆணி குறைவு, கழுந்தை, அதாவது மரத்தின் செதுக்கிய முனையை, அடுத்த மரத்தின் துளையில் சொருகி மர முளை அடித்திருப்பார்கள். முளையைத் தட்டி வெளியே எடுத்தால் மூட்டு தானாகக் கழன்று வரும், கடப்பாரை போட்டு நெம்பினால் கழுந்து முறிந்துவிடும். பிரிக்கும் முன்பே ஒவ்வொரு மரத்திலும் பெயின்டால் எண் போட்டு போட்டோ எடுத்து வையுங்கள். சுவருக்குள் புதைந்திருந்த உத்தர முனையைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள், பொத்தென்று கேட்டால் கரையானோ உளுப்போ இருக்கிறது, அந்த முனையை மட்டும் அறுத்தால் போதும். சித்திரை, வைகாசியில் முடித்துவிடுங்கள், ஐப்பசி அடைமழையில் மரம் வெளியே கிடக்கக் கூடாது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் பழைய தூணும் நிலையும் என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்துவிட்டு வந்து கான்ட்ராக்டரிடம் பேசுங்கள்.

வேதாரண்யம் வாசி:
கழற்றுகிற மாதிரி கட்டினால் புயலுக்குத் தாங்காது என்று யாராவது சொல்வார்கள், நம்பாதீர்கள். 2018 நவம்பர் கஜாவில் எங்கள் பக்கம் ஓடும் ஷீட்டும் பறந்ததைப் பார்த்தவன் நான், பல வீடுகளில் கூரையைச் சுவர்மேல் சும்மா உட்கார வைத்திருந்தார்கள். சுவர் உச்சியில் ஒரு பெல்ட் ஓட்டி, அதில் போல்ட்டைப் புதைத்து, ட்ரஸ்ஸை (கூரையைத் தாங்கும் சட்டகத்தை) நட்டு போட்டு முறுக்கிவிடுங்கள். காற்றுக்கும் நிற்கும், ஸ்பேனர் இருந்தால் கழற்றவும் முடியும். போல்ட் கால்வனைஸ்டாக (துருப்பிடிக்காமல் இருக்கத் துத்தநாகம் பூசியதாக) இருக்கட்டும்.

பாபநாசத்தான்:
மூவருக்கும் நன்றி. பைப், வயரிங் எல்லாம் எப்படி?

மன்னார்குடி சைட் இன்ஜினியர்:
சுவரை வெட்டிப் புதைக்காதீர்கள், கிளாம்ப் போட்டு வெளியிலேயே ஓட்டுங்கள். பார்க்கக் கொஞ்சம் அசிங்கம்தான், ஆனால் ஒழுகினால் எங்கே என்று உடனே தெரியும். ஜன்னலையும் கட்டும்போதே வைக்காமல், சுவரில் இடம் விட்டுவிட்டுப் பிறகு ஸ்க்ரூவில் மாட்டச் சொல்லுங்கள்.