மூணு படம், மூணு அளவு: ஒய் அச்சு எல்லாத்தையும் லட்சத்துல கொண்டுவர்றது எப்படி?

கேள்வி

வணக்கம். பைத்தான்ல மேட்பிளாட்லிப் (படம் வரையுற நூலகம்) வெச்சு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எண்களைப் படமா போட்டுட்டு இருக்கேன். டேட்டா சரியாத்தான் இருக்கு, சிக்கல் ஒய் அச்சுலதான்.

1951லேர்ந்து 2011 வரை தமிழ்நாட்டு மொத்தத்துக்குக் கோட்டுப்படம் போட்டா அச்சுல 3, 4, 5, 6, 7னு வருது, மேல மூலையில பொடி எழுத்துல 1இ7 (1e7, அதாவது பத்தின் ஏழாம் அடுக்கால பெருக்கணும்னு அர்த்தம்). 2011க்கு சென்னை, காஞ்சிபுரம், வேலூர் மூணுக்கும் பட்டைப்படம் போட்டா 0லேர்ந்து 4 வரை, மூலையில 1இ6. பெரம்பலூரைத் தனியா போட்டா மூலையில ஒண்ணுமே இல்ல, 100000, 200000னு நீளமா வருது.

மூணும் ஒரே பக்கத்துல வரணும். இப்படியே விட்டா சென்னையில நாலு கோடிக்கு மேல ஜனம்னு படிச்சுடுவாங்க. எல்லாத்தையும் லட்சத்துல காட்ட என்ன வழி?

பதில் 1

செட்_ஒய்டிக்லேபிள்ஸ் போட்டு 300, 400, 500னு கையால எழுதிடுங்க ப்ரோ. ரெண்டு நிமிஷ வேலை.

பதில் 2

மேல சொன்னதைத் தயவுசெஞ்சு செய்யாதீங்க. அந்தக் கட்டளை மதிப்பைப் பார்த்து எழுதாது, வரிசையைப் பார்த்துதான் எழுதும். உங்க கோட்டுப்படத்துல அச்சுல கண்ணுக்குத் தெரியுற முதல் குறி (டிக்) 3 கோடி. ஆனா படத்துக்குக் கீழ, தெரியாத இடத்துல, 2 கோடிக்கும் ஒரு குறி இருக்கு. நீங்க எழுதுற 300 அதுக்குப் போயிடும், 3 கோடிக்கு நேரா 400னு நிக்கும். படம் அழகா இருக்கும், தப்பா இருக்கும். புதுப் பதிப்புகள்ல இதுக்கு எச்சரிக்கையே வருது, யாரும் படிக்கிறதில்ல.

மூணு படமும் ஏன் மூணு விதமா வருதுன்னா, அச்சுக்கு எண் எழுதுற ஸ்கேலர்ஃபார்மேட்டர் இருக்கிறதுலயே பெரிய குறியைப் பார்க்கும். அது பத்து லட்சத்தைத் தொட்டா பத்தின் அடுக்கை மூலைக்குத் தள்ளிடும். மாநில மொத்தம் 2011ல 7,21,47,030, அதனால 1இ7. சென்னை 46,46,732, அதனால 1இ6. பெரம்பலூர் 5,65,223தான், எல்லைக்குள்ள இருக்கு, அப்படியே விட்டுடுது. 1இ7ங்கிறது சரியா ஒரு கோடி, அதனால முதல் படம் தற்செயலா நம்ம கணக்குக்குப் பொருந்திப்போச்சு.

டேட்டாவைத் தொட வேண்டாம். ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதுங்க: மதிப்பு, குறியின் வரிசை எண்னு ரெண்டு உள்ளீடு வாங்கணும் (ரெண்டாவது தேவைப்படாது, ஆனா இல்லைன்னா பிழை வரும்), மதிப்பை 100000ஆல வகுத்து எழுத்தா திருப்பித் தரணும். அதை ஒய் அச்சோட செட்_மேஜர்_ஃபார்மேட்டருக்குக் கொடுத்தா போதும். பழைய பதிப்புன்னா ஃபங்க்ஃபார்மேட்டர்ல சுத்திக் கொடுங்க. மூலை எழுத்தும் போயிடும். அதே ஃபங்ஷனை மூணு படத்துக்கும் போடுங்க.

கேட்டவர்

வந்துடுச்சு, நன்றி! ஒரு சந்தேகம்: டேட்டா அட்டவணையைக் கையாளுற பாண்டாஸ்லயே அந்த நெடுவரிசையை 100000ஆல வகுத்துட்டா ஒரே வரியில முடியுமே, அது தப்பா?

பதில் 3

தப்பில்லை. ஆனால் அதன்பிறகு அந்தப் படத்தில் வரைவது எல்லாமே லட்சத்தில் இருக்க வேண்டும். அன்றைய 32 மாவட்டங்களின் சராசரி ஏறத்தாழ 22.5 லட்சம். அதற்கு ஒரு கிடைக்கோடு போட நினைத்துப் பழக்கதோஷத்தில் 2254595 என்று கொடுத்தால், அச்சு அதுவரை நீண்டுவிடும். பட்டைகள் தரையோடு ஒட்டிவிடும்.

வகுக்காமல் எழுத்தை மட்டும் மாற்றும் வழிக்கும் ஒரு வரம்பு உண்டு. குறிகள் எங்கே விழ வேண்டும் என்பதை அது பழைய அலகில்தான் முடிவு செய்கிறது. லட்சம், கோடி என்றால் பத்தின் அடுக்கு, முழு எண் முழு எண்ணாகவே இருக்கும். ஏக்கரை ஹெக்டேராகக் காட்டினால் 5 ஏக்கர் இருந்த குறியில் 2.02 என்று அசிங்கமாக வரும். அங்கே டேட்டாவையே மாற்றிவிடுவதுதான் நல்லது. இரண்டு அலகும் வேண்டுமென்றால் செகண்டரி_ஒய்ஆக்சிஸ் இருக்கிறது. போக ஒரு ஃபங்ஷன், வர ஒரு ஃபங்ஷன் கொடுத்தால் வலப்பக்கம் தனி அச்சு வரும், அதற்கான குறிகளையும் அதுவே தேர்ந்தெடுக்கும்.

பதில் 4

எக்செல்ல போட்டா இந்தத் தலைவலியே இல்ல 🙂

பதில் 2

அங்கயும் அலகை நீங்கதான் தேர்ந்தெடுக்கணும். 'மில்லியன்'னு பேரோட ஒரு தேர்வு வரும், லட்சம் வெறும் 100000னுதான் இருக்கும்.

கேட்டவர்

ஏக்கர் கணக்கும் அடுத்து வருது, அதனால குறிச்சு வெச்சுக்கிட்டேன். கடைசியா ஒண்ணு: அச்சுக்குப் பேரு தமிழ்ல கொடுத்தா வெறும் கட்டம் கட்டமா வருது.

பதில் 3

மேட்பிளாட்லிப்புடன் வரும் டெஜாவு சான்ஸ் எழுத்துருவில் தமிழ் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் நிறுவி அதன் பெயரைக் கொடுங்கள், கட்டங்கள் போய்விடும். பிறகு கொம்பு, கால் சரியான இடத்தில் விழுகிறதா என்று ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். என்னிடம் உள்ள பதிப்பில் 'கோடி' சிதைந்து வருகிறது, 'லட்சம்' தப்பித்துவிடுகிறது.