புதுப்பிப்பு: அம்மாவுக்கு மறுபடி இறக்கம் ஏன்?
கர்ப்பப்பை இறக்கத்துக்கு ஆபரேஷன் செய்து, கர்ப்பப்பையையே எடுத்தாச்சு. 2 வருஷத்தில் அம்மா மறுபடி "ஏதோ இறங்குது" என்கிறாரே, இனி இறங்க என்ன இருக்கு என்று போன மாதம் கேட்டிருந்தேன். இன்று டாக்டரைப் பார்த்தோம். இறங்கியிருப்பது சிறுநீர்ப்பை.

அம்மாவுக்கு முதல் தடவையே மூன்றாம் நிலை. அப்படி முற்றிய பிறகு ஆபரேஷன் செய்தால் திரும்ப வரும் வாய்ப்பு ஏறக்குறைய 2 மடங்காம். பிரசவத்தில் இடுப்படித் தசை எலும்பை விட்டுப் பிய்ந்திருந்தால் இன்னும் அதிகம். என்னை ஆயுதம் போட்டுத்தான் எடுத்தார்கள் (குற்றவாளி நான்தான் போல!). இது குடும்பவழியாகவும் வருமாம்; "உங்கம்மாவுக்கும் இருந்ததா?" என்று டாக்டர் கேட்க, அம்மா மெல்லத் தலையாட்டினார். பாட்டி விஷயம் எனக்கே இன்றுதான் தெரியும்.

இப்போதைக்கு, இறங்கியதைத் தாங்கிப் பிடிக்க உள்ளே சிலிகான் வளையம் வைத்திருக்கிறார்கள். மலச்சிக்கலுக்கு மருந்து. அம்மா கனம் தூக்கக் கூடாதென்று தண்ணீர்க் குடத்தை நான் ஒளித்து வைத்துவிட்டேன்.